விடியற்காலையில் கிணற்றுத் தண்ணீர் சுடுவது ஏன் என்று கண்டுபிடிப்பது எப்படி

திருகோணமலையில் ஒரு பாடசாலை ஆய்வுகூடத்தில் 29 வருடம் உதவியாளராக இருந்தேன். சோதனைக் குழாய் கழுவுவது, அமிலப் போத்தலுக்கு லேபல் ஒட்டுவது, ரீச்சர்மார் கேட்கும் சாமானை மேசையில் எடுத்து வைப்பது, இவைதான் என் வேலை. ஒரு நாளும் பாடம் நடத்தியதில்லை. ஆனால் ஒரே பரிசோதனையை வருடா வருடம் பின்னால் நின்று பார்த்தவளுக்குச் சிலது பிடிபடும். பிள்ளைகள் கேட்கும் பெரிய கேள்வி அன்றைக்கே மறந்துபோகும். சின்னக் கேள்விதான் விடையோடு வீட்டுக்குப் போகும். முழுப் பாரை மீனைச் சட்டிக்குள் இறக்க முடியாது, துண்டு போட வேண்டும். கேள்வியும் அப்படித்தான்.

ஓய்வு பெற்ற பிறகு பாலையூற்றில் மகள் வீட்டில் இருக்கிறேன். பேரன், பேத்தி இரண்டு பேர். சின்னவன் ஒரு நாள் விடிய ஐந்தரைக்குக் கிணற்றடியில் முகம் கழுவிக்கொண்டே கேட்டான்: "அம்மம்மா, இந்தத் தண்ணி இப்ப சுடுது. மத்தியானம் மட்டும் ஏன் குளிருது?"

அவன் கேட்டதில் இரண்டு கேள்வி இருக்கிறது. தண்ணீர் உண்மையிலேயே மாறுகிறதா என்பது ஒன்று. மாறாவிட்டால், மாறுவதுபோல் ஏன் தெரிகிறது என்பது மற்றது. முதலாவதற்கு ஒரு வெப்பமானி போதும். இரண்டாவதற்கு விடை தேடி நோபல் பரிசு வரை போக வேண்டியிருந்தது. அதைப் பிறகு சொல்கிறேன்.

ஊகத்தைப் பேனையால் எழுதுங்கள்

ஒற்றைறூள் கொப்பி ஒன்று வாங்குங்கள். ஒரு பக்கத்துக்கு ஒரு கேள்வி. மேலே திகதி. அதன் கீழே, எதையும் அளப்பதற்கு முன்னால், விடை என்னவாக இருக்கும் என்று நினைக்கிறீர்களோ அதை எழுதுங்கள். பென்சில் வேண்டாம், அழித்துவிடுவீர்கள். நானே அழித்திருக்கிறேன். விடை தெரிந்த பிறகு "எனக்கு முதலே தெரியும்" என்று சொல்லாதவர் எங்கள் ஒழுங்கையில் ஒருவரும் இல்லை.

சின்னவன் எழுதினான்: "இரவில் மண்ணுக்குள் சூடு சேருது." பேத்தி எழுதினாள்: "தண்ணி மாறவில்லை, காற்றுத்தான் மாறுது." நான் அவளோடு சேர்ந்து ஒப்பமிட்டேன். பெரியவர்கள் ஊகம் எழுதும்போது பிள்ளைகளுக்குக் காட்டாமல் எழுத வேண்டும் என்பதை அன்றைக்கு மறந்துவிட்டேன். அடுத்த முறை மூன்று பேரும் மூன்று மூலையில் இருந்து எழுதினோம்.

அளப்பது

காய்ச்சல் பார்க்கும் வெப்பமானியைக் கிணற்றுத் தண்ணீருக்குள் விடாதீர்கள். அதன் அளவுகோல் 35 பாகைக்குப் பக்கத்தில்தான் தொடங்கும். எங்கள் வீட்டில் முதல் நாள் நடந்தது அதுதான். இலக்கம் காட்டும் புது வகை ஒன்றை வாளிக்குள் விட்டான், அது 'எல்' என்று ஓர் எழுத்தைக் காட்டியது. தண்ணீர் செத்துப்போயிற்று என்று சின்னவன் கத்தினான். பழைய பாதரச வகை வீட்டில் கிடந்தால் அதைத் தொடவே வேண்டாம். உடைந்தால் வரும் தொல்லை பெரியது. ஆய்வுகூடத்தில் ஒரு முறை வேறொருவர் உடைத்ததை என் தலையில் போட்டார்கள், இரண்டு நாள் நிலத்தில் குனிந்து மணி மணியாகப் பொறுக்கினேன். சிவப்புச் சாராயம் நிரப்பிய சாதாரண ஆய்வுகூட வெப்பமானி, பூச்சியத்துக்குக் கீழிருந்து 110 வரை காட்டுவது, அதுதான் இதற்குச் சரி.

வாளியில் தண்ணீரை அள்ளியதும் வெப்பமானியை உள்ளே விட்டு நூறு வரை எண்ணுங்கள். வெளியே எடுத்து வாசிக்கக் கூடாது, குமிழ் தண்ணீருக்குள் இருக்கும்போதே வாசியுங்கள். கண் மட்டத்துக்கு நேரே பாருங்கள். ஒரு தடவை காணாது, மூன்று தடவை. காற்றின் வெப்பத்தையும் நிழலில் வைத்து எழுதுங்கள். பலரும் விடுவது இதைத்தான். காற்றை அளக்காவிட்டால் எங்கள் கேள்விக்கு விடையே வந்திருக்காது.

ஐந்து நாள் அளந்தோம். விடிய ஐந்தரைக்குக் காற்று 25 பாகை, தண்ணீர் 28. மத்தியானம் இரண்டு மணிக்குக் காற்று 34, தண்ணீர் அதே 28, ஒரு நாள் மட்டும் அரைப் பாகை கூட. தண்ணீர் அசையவில்லை. சில மீற்றர் ஆழத்தில் மண்ணுக்குப் பகலும் இரவும் தெரியாது, அது ஊரின் வருடச் சராசரி வெப்பத்தை ஒட்டியே கிடக்கும். திருகோணமலைக்கு அது சுமார் 28 பாகை. எங்கள் வளவுக் கிணற்றில் வந்த எண்ணும் அதுவாக இருந்ததைப் பார்த்தபோது, இந்த வயதிலும் எனக்குக் கொஞ்சம் சிலிர்த்தது.

பேத்தி வென்றாள். சின்னவன் ஒப்புக்கொள்ளவில்லை. "என்ர கைக்குச் சுட்டதுதானே? கை பொய் சொல்லுமா?"

கையைச் சோதிப்பது

இதற்கு மூன்று பாத்திரம் போதும். ஒன்றில் ஐஸ் கட்டி போட்ட தண்ணீர், ஒன்றில் கை தாங்கும் அளவுக்குச் சூடான தண்ணீர், நடுவில் கிணற்றுத் தண்ணீர். இடக்கையைக் குளிரிலும் வலக்கையைச் சூட்டிலும் ஒரு நிமிடம் வையுங்கள். பிறகு இரண்டையும் ஒன்றாக நடுப் பாத்திரத்துக்குள் விடுங்கள். ஒரே தண்ணீரை ஒரு கை சூடு என்கிறது, மற்றக் கை குளிர் என்கிறது. ஆங்கிலேய மெய்யியலாளர் ஜோன் லொக் 1690இலேயே எழுதி வைத்த சங்கதி இது. ஆனால் எத்தனை முறை செய்தாலும் பிள்ளைகளின் முகம் போகும் போக்கைப் பார்க்க வேண்டும்.

கை வெப்பமானி இல்லை. தோல் முன்பு எப்படி இருந்தது, இப்போது எந்தப் பக்கம் போகிறது என்பதைத்தான் அது சொல்லும். விடியற்காலைக் காற்றில் குளிர்ந்த கைக்கு 28 பாகை சுடுகிறது. வெயிலில் நின்ற கைக்கு அதே 28 குளிர்கிறது.

இந்த இடத்தில்தான் புதிய கண்டுபிடிப்பு வீட்டுக்குள் வருகிறது. தோலில் சூட்டை உணரும் புரதம் எது என்று பல காலம் தெரியாமல் இருந்தது. அமெரிக்காவில் டேவிட் ஜூலியஸ் என்பவர் மிளகாயின் காரப் பொருளான கெப்சைசினை வைத்துத் தேடி, 1997இல் அதைப் பிடித்தார். சுமார் 43 பாகைக்கு மேல் சூடு பட்டால் அந்தப் புரதம் திறக்கும். மிளகாய்க் காரம் பட்டாலும் திறக்கும். மூளைக்கு இரண்டும் ஒரே செய்தி. அதனால்தான் செத்தல் மிளகாய் அரைத்த கை 'எரிகிறது' என்கிறோம். அது பேச்சு வழக்கு மட்டும் இல்லை, நரம்பைப் பொறுத்தவரை உண்மையிலேயே எரிகிறது. குளிருக்கும் இப்படி ஒரு புரதம் 2002இல் கிடைத்தது, மென்தோல் பட்டால் அது விழித்துக்கொள்ளும். விக்ஸ் பூசிய நெற்றி குளிர்வது அப்படி. ஜூலியஸும், தொடுகை உணரிகளைக் கண்டுபிடித்த ஆர்டெம் பட்டபூட்டியனும் 2021இல் மருத்துவ நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார்கள். செய்தி வந்த காலத்தில் அது எனக்குத் தூர தேசத்துச் சமாச்சாரமாக இருந்தது. கிணற்றடியில் நின்ற பிறகுதான் அது நம் அம்மிக்கும் உரியது என்று தெரிந்தது.

சரி, இதைச் செய்பவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. பிள்ளைகள் மிளகாயைக் கையில் தேய்த்துப் பார்க்கக் கேட்பார்கள். விடாதீர்கள். எங்கள் வீட்டில் அந்தக் கை கண்ணுக்குப் போனது.

வாசனையை அளக்க முடியுமா

முடியும், மூக்கைக் கட்டுப்படுத்தினால். முதல் மழைக்கு மண் மணக்கிறதே, அது மண்ணின் மணமா மழையின் மணமா? நறுக்கிய கேள்வி: எந்த மண் கூட மணக்கிறது? நான்கு ஜாம் போத்தல் மூடி எடுத்தோம். ஒன்றில் உப்புவெளிக் கடல் மணலைக் கழுவிப் போட்டோம், ஒன்றில் வளவு மண், ஒன்றில் செங்கல் தூள், நான்காவது வெறும் மூடி. ஒரு கிழமை வெயிலில் காயவிட்டு, மருந்தேற்றும் சிறிஞ்சால் ஒவ்வொன்றிலும் பத்துத் துளி தண்ணீர் விட்டோம். மணப்பவரின் கண்ணைக் கட்டிவிட வேண்டும். எது எந்த மூடி என்று நீட்டுபவருக்கும் தெரியக் கூடாது. தெரிந்தால் மூச்சிலேயே காட்டிக்கொடுத்துவிடுவார். நாங்கள் மூடியின் அடியில் எண் எழுதி, மகளைக் கொண்டு இடம் மாற்றி வைத்தோம்.

வளவு மண் ஒவ்வொரு தடவையும் வென்றது. வெறும் மூடிக்கும் கழுவிய மணலுக்கும் வித்தியாசம் தெரியவில்லை. மண்ணில் வாழும் ஸ்ட்ரெப்டோமைசிஸ் என்ற பற்றீரியா உண்டாக்கும் ஜியோஸ்மின்தான் பெரிய காரணம். பீட்ரூட் கறியில் வரும் மண் மணமும் அதுவே. அவுஸ்திரேலிய விஞ்ஞானிகள் இருவர் 1964இல் மழை மணத்துக்கு 'பெட்ரிகோர்' என்று பெயர் வைத்தார்கள். அது எப்படிக் காற்றில் ஏறுகிறது என்பதை 2015இல் அமெரிக்காவின் எம்.ஐ.டி. பல்கலைக்கழகத்தில் வேகக் கமராவால் படம் பிடித்துக் காட்டினார்கள். துளி விழுந்ததும் மண்ணின் சிறு துவாரங்களில் குமிழி சிக்கும், அது சோடாக் குமிழிபோல மேலே வந்து வெடித்து, மணத்தோடு நுண்துளியைக் காற்றில் எறியும். கொட்டும் மழையைவிட மெல்லிய தூற்றலில் இது நன்றாக நடக்கிறது. 2020இல் இன்னொன்று தெரிந்தது: மண்ணில் துள்ளித் திரியும் ஸ்பிரிங்டெயில் என்ற பொடி உயிர்கள் அந்த மணத்தைத் தேடி வந்து பற்றீரியாவைத் தின்று, அதன் வித்துகளை வேறிடம் கொண்டுபோய்ப் பரப்புகின்றன. நமக்கு மழை வாசனை, அவற்றுக்குச் சாப்பாட்டு அழைப்பு.

இருட்டில் கடல் மினுங்குவதைப் பற்றி நீளமாகச் சொல்ல எனக்கு அதிகம் இல்லை. டச்பே கடற்கரைப் பக்கம் ஒரு முறை கண்டேன், கால் வைத்த இடமெல்லாம் நீல நெருப்பு. அப்படிக் கண்டால் ஒரு போத்தலில் தண்ணீர் எடுத்து, டோர்ச்சை அணைத்து, கண் இருட்டுக்குப் பழகப் பத்து நிமிடம் இருந்துவிட்டுக் குலுக்குங்கள். குலுக்கும்போது மட்டும் ஒளிர்ந்தால் உள்ளே இருப்பவை அலைப்பட்டால் ஒளிவிடும் நுண்ணுயிர்கள். தண்ணீரைத் திரும்பக் கடலில் ஊற்றிவிடுங்கள், அவை போத்தலில் நெடுநேரம் தாங்காது.

கச்சான்

வெளியூர்க்காரருக்குக் கச்சான் என்றால் வறுத்து உறையில் தரும் நிலக்கடலை. எங்களுக்கு அது காற்றும் கூட. ஆனி, ஆடியில் மேற்கிலிருந்து வீசும், உதடு வெடிக்கும், துவைத்த சீலை அரை மணியில் அப்பளம்போலக் காயும். நாட்டின் மறுகரையில் அதே காலத்தில் மழை கொட்டுகிறது. ஒரே காற்று, அங்கே ஈரம், இங்கே நெருப்பு.

இதை அளக்க இரண்டு வெப்பமானி வேண்டும். ஒன்றின் குமிழில் பழைய பருத்தித் துணியை நனைத்துச் சுற்றுங்கள், மற்றது சும்மா. இரண்டையும் நிழலில் தொங்கவிட்டு விசிறியால் ஐந்து நிமிடம் வீசுங்கள். துணி காயும்போது சூட்டை இழுக்கும், அதனால் நனைந்தது குறைவாகக் காட்டும். காற்று எவ்வளவு உலர்ந்ததோ, இரண்டுக்கும் இடைவெளி அவ்வளவு கூடும். சித்திரை மாதத்து ஒரு சாதாரணக் காலையில் எங்களுக்கு 30உம் 27உம் வந்தது. கச்சான் அடித்த ஒரு நாள் 36உம் 27உம். இடைவெளி மூன்றிலிருந்து ஒன்பதுக்குப் போயிற்று. சாதாரண வெப்பமானி மட்டும் இருந்திருந்தால் 'வெயில்' என்று எழுதிவிட்டுப் போயிருப்போம்.

காரணம் நடுவில் நிற்கும் மலைநாடு. தென்மேல் பருவக்காற்று மலையேறும்போது மழையைக் கொட்டுகிறது. ஈரம் ஒடுங்கி மழையாகும்போது சூடு வெளியாவதால், ஏறும் காற்று கிலோமீற்றருக்குச் சுமார் 6 பாகைதான் குளிரும். உலர்ந்து இந்தப் பக்கம் இறங்கும்போது கிலோமீற்றருக்குச் சுமார் 10 பாகை சூடாகும். அந்த வித்தியாசம் எங்கள் தலையில் வந்து விழுகிறது. ஐரோப்பாவில் அல்ப்ஸ் மலையடிவாரத்திலும் இதே சங்கதிதான், அங்கே 'ஃபோன்' என்கிறார்கள்.

செய்தியை வாசிப்பது

வீட்டுப் புதிரை அளக்கப் பழகியவருக்குக் கண்டுபிடிப்புச் செய்தி வாசிப்பது சுலபம். கேட்க வேண்டியது ஒன்றுதான்: இவர்கள் கையில் உண்மையில் என்ன இருக்கிறது?

2021இல் 'இந்து சமுத்திரத்தில் புதிய நீலத் திமிங்கிலக் கூட்டம்' என்று ஒரு செய்தி வந்தது. பேத்தி குதித்தாள். திருகோணமலைக்காரர்களுக்குத் திமிங்கிலம் வீட்டு விஷயம். துறைமுக வாயிலிலேயே கடலடிப் பள்ளத்தாக்கு ஒன்று தொடங்கி ஆழத்துக்கு இறங்குகிறது, அதனால் கரைக்குப் பக்கத்திலேயே அவை வரும். 1980களின் தொடக்கத்தில் 'டியூலிப்' என்ற பாய்ப்படகில் வந்த ஆய்வாளர்கள் எங்கள் கடலில்தான் நீலத் திமிங்கிலங்களைப் பின்தொடர்ந்தார்கள்.

செய்தியை உட்கார்ந்து வாசித்தோம். அவர்கள் கையில் இருந்தது திமிங்கிலம் இல்லை, படமும் இல்லை. ஒரு பாட்டு. அணுகுண்டுச் சோதனை எங்காவது நடக்கிறதா என்று ஒட்டுக்கேட்பதற்காகக் கடலுக்குள் போட்ட ஒலிவாங்கிகளில், டியேகோ கார்சியாத் தீவுக்கு அருகே பல வருடங்களாகப் பதிவான சத்தம். நீலத் திமிங்கிலக் கூட்டங்களுக்குத் தனித்தனிப் பாட்டு உண்டு. இது தெரிந்த எந்தக் கூட்டத்தின் பாட்டோடும் பொருந்தவில்லை. ஆகவே புதிய கூட்டமாக இருக்கலாம், கண்ணால் கண்டு உறுதிப்படுத்த வேண்டும் என்று ஆய்வாளர்களே எழுதியிருந்தார்கள். தலைப்பில் மட்டும் அந்த 'இருக்கலாம்' காணாமல் போயிருந்தது. தலைப்பில் காணாமல் போன சொல்லை உள்ளே தேடுவது எங்கள் வீட்டில் இப்போது ஒரு விளையாட்டு. எலியில் மட்டும் சோதித்த மருந்துச் செய்திகளில் 'எலியில்' என்ற சொல்தான் அடிக்கடி தொலைகிறது.

இன்னொரு செய்திக்கு வேறு மருந்து. 2023 ஜூலையில் தென்கொரியாவிலிருந்து எல்கே-99 என்ற பொருள் வந்தது, சாதாரண அறை வெப்பத்திலேயே தடையில்லாமல் மின்சாரம் கடத்தும் 'மீகடத்தி' என்றார்கள். உயர்தரம் படிக்கும் பக்கத்து வீட்டுப் பெடியன், "அன்ரி, இனிக் கரண்ட் பில் வராது" என்று மதிலுக்கு மேலால் சொன்னான். நான் கொப்பியில் திகதியைப் போட்டு, "மற்றவர்களும் செய்து பார்க்கட்டும், ஒரு மாதம்" என்று எழுதினேன். ஒரு மாதம் ஆகும்போது பல நாட்டு ஆய்வுகூடங்கள் அதைச் செய்து பார்த்துவிட்டன. அது மீகடத்தி இல்லை. கலந்திருந்த செப்புச் சல்பைட் என்ற அசுத்தம்தான் வேடிக்கை காட்டியிருக்கிறது. பெரிய செய்தி வந்தால் காத்திருப்பதும் ஒரு வேலைதான். திகதி போட்டுக் காத்திருங்கள், இல்லாவிட்டால் மறந்துபோகும்.

இப்போது திறந்திருக்கும் பக்கம்

கன்னியா வெந்நீர்க் கிணறுகள். சின்னவன் கேட்டது: "ஏழு கிணறும் பக்கத்தில பக்கத்தில, ஏன் ஒவ்வொன்றும் ஒவ்வொரு சூடு?" தாயின் கிரியைக்காக இராவணன் நிலத்தில் குத்திய ஏழு இடங்கள் என்பது ஊர்க் கதை, அதை நான் சின்ன வயதில் ஆச்சியிடம் கேட்டேன், அவனுக்கும் சொன்னேன். இலங்கையில் உயிருள்ள எரிமலை கிடையாது. மழைத் தண்ணீர் பாறை வெடிப்புகளில் ஆழமாக இறங்கி, கிலோமீற்றருக்கு 25, 30 பாகை என்று சூடேறி, வேறு வெடிப்பால் மேலே வருகிறது. மகா ஓயாவிலும் இப்படி உண்டு. அது சூட்டுக்கு விளக்கம். ஏழு விதமாக இருப்பதற்கு?

முதல் தடவை மூன்று பேரும் கையாலேயே வரிசைப்படுத்திப் பார்த்தோம். மூன்று வரிசை வந்தது, ஒன்றும் ஒன்றோடு பொருந்தவில்லை. சூடான கிணற்றில் குளித்துவிட்டு அடுத்ததுக்குப் போனால் எல்லாமே குளிர்தான், மூன்று பாத்திர விளையாட்டு. இரண்டாம் தடவை வெப்பமானியோடு போனோம், வரிசை கிடைத்தது. போவதென்றால் விடியவே போங்கள். ஆட்கள் வாளி வாளியாக அள்ளத் தொடங்கினால் தண்ணீர் கலங்கி எண் ஆடும்.

என் ஊகம் பேனையால் எழுதியிருக்கிறது: சூடு குறைந்த கிணறுகளில் மேல்மண்ணின் குளிர்ந்த தண்ணீர் கூடக் கலக்கிறது. அப்படியென்றால் மாரி மழைக்குப் பிறகு அவை இன்னும் குளிர வேண்டும், மிகச் சூடானது அவ்வளவாக மாறக் கூடாது. பேத்தியின் ஊகத்தை எனக்குக் காட்டவில்லை, பக்கத்தை மடித்து ஸ்டேப்ளர் அடித்து வைத்திருக்கிறாள். சின்னவனுடையது எனக்குத் தெரியும், எழுதும்போது வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே எழுதினான். ஆவணியில் எடுத்த ஏழு எண்ணும் கொப்பியில் இருக்கிறது. தையில் மழை விட்டதும், ஒரு ஞாயிறு காலை ஓட்டோவுக்குச் சொல்லியாயிற்று.